'கட் கார்னர்ஸ்' என்றால் நேரம் மிச்சமா? ஒரகடம் மீட்டிங்கில் இடியம் பேசும் முன்...

"எப்படி இவ்வளவு சீக்கிரம் முடிச்சீங்க?" என்று ஆடிட்டில் வாடிக்கையாளர் கேட்கிறார். 'வீ கட் கார்னர்ஸ்' என்று ஓர் இளம் இன்ஜினியர் பெருமையாகச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். சுற்றி வளைக்காமல் வேலையை முடித்தோம் என்பது அவர் நினைப்பு. ஆனால், அந்த இடியத்துக்கு அர்த்தம் வேறு: 'தரத்தில் கைவைத்து ஒப்பேற்றிவிட்டோம்'. சொன்னது மூன்றே வார்த்தை. விளக்கம் கொடுத்து மாளாது!

இடியம் என்பது சொற்களைக் கூட்டிப் பார்த்தால் கிடைக்காத அர்த்தம். தமிழிலும் அப்படித்தானே? 'கை கொடுத்தார்' என்றால் உதவினார். 'கை விரித்தார்' என்றால் முடியாது என்றார். ஒரு சொல் மாறினால் கதையே மாறிவிடும்.

இருவருக்கும் கற்ற மொழி

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் 1998 முதல் கார் தயாராகிறது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010லும், டைம்லர் லாரி ஆலை 2012லும் திறக்கப்பட்டன. கொரியா, பிரான்ஸ், ஜப்பான், ஜெர்மனியிலிருந்து வருபவருக்கும் சரி, காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறுபவருக்கும் சரி, ஆங்கிலம் பெரும்பாலும் கற்றுக்கொண்ட மொழிதான்.

ஆங்கிலமே தாய்மொழியானவர்களும் தடுமாறியிருக்கிறார்கள். ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் 'இப்போதே பேசுவோம்'; அமெரிக்காவில் 'தள்ளி வைப்போம்'. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே எண்ணத்தோடு இருந்தும், இந்தச் சொல்லால் நெடுநேரம் வாக்குவாதம் செய்ததை சர்ச்சில் பதிவு செய்திருக்கிறார்.

புரிய நிறைய, பேசக் கொஞ்சம்

"இடியம் போட்டுப் பேசினாத்தான் இன்டர்வியூவில் மதிப்பு" என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆனால், சிறு தவறும் உயிரைப் பறிக்கக்கூடிய விமானப் பராமரிப்புத் துறை நேர்மாறான வழியைத் தேர்ந்தெடுத்தது. அதன் கையேடுகளுக்கான 'எளிமையாக்கப்பட்ட ஆங்கிலம்' 1986ல் வந்தது. ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம் என்பதுதான் அதன் அடிப்படை.

இடியங்களைப் படிக்க வேண்டாம் என்பதல்ல. எதிரில் இருப்பவர் சொன்னால் புரிய வேண்டும். அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் கற்கலாம். வாயில் வரும் முன் ஒரே சோதனை: அதன் அர்த்தத்தை உடனே தமிழில் ஒரு வரியில் சொல்ல முடிகிறதா? இல்லையென்றால் விட்டுவிடுவதே நல்லது.

மெயிலுக்கும் இதே கணக்கு. 'டு த நீட்ஃபுல்' என்றால் எதைச் செய்வது? 'வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் 200 பிராக்கெட் அனுப்பவும்' என்று எழுதினால், சியோலிலும் புரியும், சுங்குவார்சத்திரத்திலும் புரியும்.