ஏடுகளைச் சேமித்தலும் தேடுதலும்

கலாசாலைகள் பலவும் தத்தம் பழைய சஞ்சிகைகளையும் அருநூல்களையும் ஒளிப்படமாக்கிக் கணிப்பொறியிற் சேமித்துவருதலை இந்நாளிற் காண்கின்றோம். செல்லரித்தழியும் தாளினை இங்ஙனங் காப்பது போற்றற்குரியதே. ஆயினும், சேமித்த அளவிற் பணி முடிந்ததெனக் கருதுவார் கொள்கைக்கு நாம் உடன்படோம். பல்லாயிரம் பக்கங்கள் நிறைந்த களஞ்சியத்தில் வேண்டிய பக்கம் அகப்படாதெனின், அது செல்லரித்துப் போனதற்கும் அங்கே கிடப்பதற்கும் படிப்போனளவில் வேற்றுமை யாது?

தேடுதற்குரிய கருவி சொல்லடைவு. 13-ஆம் நூற்றாண்டிற் பாரிஸ் நகரத்தில் டொமினிக்கன் சபைத் துறவியாகிய ஹியூ என்பார், தம் சபையார் பலர் துணைகொண்டு இலத்தீன் வேதாகமத்துக்கு ஓர் அடைவு செய்தார். அந்நாளில் அதிகாரப் பிரிவு உண்டு. வசன எண் இல்லை. ஆதலின் அதிகாரத்தை ஏழு கூறாகக் கொண்டு, நெடுங்கணக்கின் முதலேழு எழுத்துக்களை அவற்றிற்கு அடையாளமாக இட்டனர். பொருளுக்கு நிலையான முகவரி அமைந்தாலன்றி அடைவு அமையாது என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர். ஒளிப்படங்களுக்கு நாளொரு பெயரும் பொழுதொரு எண்ணும் இடுவார் இதனைச் சிந்திப்பாராக.

கணிப்பொறியின் அடைவும் இம்முறையினதே. சொல்லை முன்னும், அது வரும் பக்கங்களின் எண்களைப் பின்னும் அது நிறுத்துகின்றது. இரு சொற்களைச் சேர்த்துத் தேடின், இரு வரிசைகளையும் ஒப்புநோக்கிப் பொதுவான எண்களை எடுத்துத் தருகின்றது. பக்கங்களைப் புரட்டுவதே இல்லை; அதன் விரைவுக்குக் காரணம் அதுவே. எங்கும் வரும் சொல்லினும் சிலவிடத்தே வரும் சொல்லுக்கு மிக்க மதிப்பளித்தல் வேண்டுமெனக் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் அம்மையார் 1972-இற் காட்டியபின், விடைகளை வரிசைப்படுத்துங் கணக்கும் செம்மையுற்றது.

இவை ஆங்கிலத்துக்கு எளிதிற் பொருந்துவன. நம் மொழியிலோ புணர்ச்சி குறுக்கிடுகின்றது. 'கல்' எனத் தேடுவோனுக்குக் 'கற்றூண்' கிட்டாது. 'மரம்' எனத் தேடின் 'மரத்தை' வாராது. பழைய சஞ்சிகைகளில் 'நூனிலையம்' என்றிருப்பதை 'நூல்நிலையம்' எனத் தேடும் இக்கால மாணவர் எங்ஙனங் காண்பர்? சொல்லின் உள்ளேயும் எழுத்தொப்புமை பார்க்கச் செய்தாலோ, 'கண்' என்றதற்குக் 'கண்டான்' எல்லாம் வந்து குவியும். இன்னும் நுண்ணிய இடரும் உண்டு. யூனிகோடு முறையிற் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகவும் எழுதலாம். 'ஸ்ரீ' என்பதும் இருவகையில் அமையும். நம் கண்ணுக்கு ஒன்றாயிருப்பது கணிப்பொறிக்கு இரண்டு. இவற்றை முன்னரே ஒருவகைப்படுத்தாமல் அடைவு செய்தல் வீண். 1978-இல் நிகழ்ந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட 'லை', 'றா' முதலியவற்றின் பழைய வடிவங்களைப் பொறி பிறழ உணர்தல் வேறு.

இவ்விடர்களுக்கு அஞ்சிப் பழைய பாடத்தையே இக்கால நடையில் திருத்திவிடலாம் என்பாரும் உளர். அதனை நாம் வன்மையாக மறுக்கின்றோம். பாடம் ஒன்று, அடைவு வேறொன்று. பாடத்தை உள்ளவாறே வைத்து, அச்சிற் கண்ட சொல்லுக்கு ஓர் அடைவும், பகுதிக்கு மற்றோர் அடைவும் தனித்தனியே செய்தல் வேண்டும். அடைவு பிழைபடின் அழித்து மீளச் செய்யலாம், பாடம் அங்ஙனமன்று.

மிகுதியான விடைகள் வந்து பொழுதைப் போக்குமே எனச் சிலர் தடைநிகழ்த்தலாம். 1924-இற் சென்னைப் பல்கலைக்கழகப் புத்தகசாலைத் தலைவராய் அமர்ந்த ரங்கநாதன் அவர்கள் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள், படிப்போன் காலத்தை வீணாக்காதே என்பதும் ஒன்றன்றோ? மெய்யே. ஆயின் ஒவ்வொரு நூலும் தனக்குரிய படிப்போனை அடைதல் வேண்டுமென்பதும் அவ்வைந்தனுள் ஒன்று. வேண்டாத இருபது பக்கங்களைத் தள்ளுதற்குச் சில நிமிடங்கள் செல்லும். 'இல்லை' என்ற பொய்விடையோ, அப்படியொரு கட்டுரையே எழுதப்படவில்லை என்று மாணவனை நம்பச்செய்து திருப்பி அனுப்பிவிடும். அவன் மீண்டும் தேடான். ஆதலிற் பழைய ஏடுகளைப் பொறுத்தமட்டில், குறைவினும் மிகுதியே நன்றென்பது நம் துணிபு.

பொறியால் ஆகாத பகுதியும் ஒன்றுண்டு. 'ராமசாமி', 'இராமசாமி', 'ராமஸ்வாமி' எனப் பலவாறு வரும் பெயர் ஒருவரதோ பலரதோ என்பதை அது அறியாது. புனைபெயரில் எழுதினாரையும், தலைப்பெழுத்து மட்டும் இட்டு அமைந்தாரையும் உடன் பயின்றாரே அறிவர். தமிழ் வகுப்பு மாணவர்கள் ஆண்டுவாரியாக இப்பெயர்களைத் தொகுத்துப் பழைய மாணவர்க்கு விடுப்பார்களாயின், விடை கூறத்தக்கார் இன்னும் நம்மிடையே சிலர் உளர். வரும் விடுமுறையிலேயே இதனைத் தொடங்கலாம்.