யாருக்குச் சொல்கிறீர்கள் சிக்கனம்?

தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து, மும்பைத் தெருக்களில் சுமந்து விற்கும் நம் மக்களுக்குச் சிக்கன உபதேசம் செய்கிறார்கள். நாம் கேட்கிறோம்: கொள்ளை எங்கே நடக்கிறது?

10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 ரூபாயைத்தான் கையில் தருகிறான் தண்டல்காரன். தினம் 100 வீதம் 100 நாள் வசூல். 1,500தானே என்று ஏமாறாதீர்கள்! அசல் அன்றாடம் குறைந்துகொண்டே வருகிறது. கணக்குப் பார்த்தால் வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும். மழையில் வியாபாரம் படுத்த நாளிலும் அவன் வருவான். நாளைய அரிசி, உளுந்துக்கான பணம் அவன் பைக்குப் போகும்.

தாய்மார்களே, நம் மீதும் குற்றமுண்டு. சரக்குப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே டப்பாவில் கிடக்கலாமா? காதுகுத்துக்குத் தண்டல் வாங்கலாமா? (வாங்கியவர்கள் நம் சங்கத்திலேயே உண்டு.) விற்ற காசில் மறுநாள் சரக்குக்கானதை முதலில் தனியே எடுத்து வையுங்கள்.

ஆனால் ஆட்சியாளர்களே! விற்பனைச் சான்று தரச் சொல்லும் தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-இலேயே வந்துவிட்டது. 2020-இல் ஸ்வநிதி திட்டம் அடமானமின்றி 10,000 ரூபாய் கடன் என்றது. 2025-இல் அது 15,000 ஆயிற்று. தவணை தவறாதவருக்கு 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. சான்றோ பரிந்துரைக் கடிதமோ இல்லாதவன் வங்கி வாசலில் நின்று என்ன பயன்? ஓட்டு கேட்க நம் சந்துகளைத் தேடி வருகிறவர்களுக்கு, அந்தக் காகிதத்தைத் தர மட்டும் வழி தெரியவில்லையா?

வார்டு அலுவலகத்துக்கு மனுவோடு போவோம், இட்லிப் பாத்திரங்களோடு!