பொட்டலத்தில் என்ன இருக்கிறது?

"என்ன சார், ஆயுர்வேதத்தைக் குறை சொல்லிப் பத்திரிகையில் எழுதப் போகிறீர்களாமே?" என்று சென்ற மாதம் லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக் கொண்டிருந்தபோது சங்க அன்பர் ஒருவர் கேட்டார். கேட்ட விதத்திலேயே பாதி கோபம் தெரிந்தது.

குறை சொல்ல நான் யார்? கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு உரை மருந்து உரைத்து ஊட்டியவர் என் பாட்டி. 1974-ல் டைப்ரைட்டிங் சான்றிதழும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக ஹௌரா ஸ்டேஷனில் இறங்கியபோது, அந்தப் பெட்டிக்குள் அம்மா வைத்த சுக்குப் பொடியும் திரிபலா சூரணமும் இருந்தன. இன்றும் என் வீட்டு அலமாரியில் ஒரு தட்டு அவற்றுக்குத்தான். எனக்கு மருந்தின் மேல் சண்டை இல்லை. பெயர் எழுதாத பொட்டலத்தின் மேல்தான் சண்டை.

காரணத்தைச் சொல்லி விடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏற முடியவில்லை. ஊருக்குப் போயிருந்தபோது உறவினர் ஒருவர் ஒரு வைத்தியரிடம் அழைத்துப் போனார். "வெறும் மூலிகைதான் அம்மா, பக்க விளைவே கிடையாது" என்று சொல்லி, வெள்ளைக் காகிதத்தில் மடித்த தொண்ணூறு பொட்டலங்களைக் கொடுத்தார். சீட்டு இல்லை, ரசீது இல்லை. பத்தே நாளில் வலி பறந்தது! நாங்களும் மகிழ்ந்து போய் நாலு பேருக்குச் சிபாரிசு செய்தோம். இரண்டாம் மாதம் முகம் உப்பியது. மூன்றாம் மாதம் சர்க்கரை ஏறியது. இங்கே டாக்டரிடம் போனபோது, "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று அவர் கேட்டார். "இல்லை" என்று பொய் சொன்னவன் நான்தான். கேலி செய்வாரோ என்ற கூச்சம்.

பிறகு உண்மையைச் சொன்னோம். அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று அவர் சந்தேகப்பட்டார். சட்டென்று நிறுத்தினால் ஆபத்து என்று சொல்லி, படிப்படியாகக் குறைத்து மீட்டெடுத்தார். அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்பது கடைசி வரை எங்களுக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாமைதான் என்னை எழுத வைக்கிறது.

ஒரு பெயர், மூன்று செடி

நாம் வாழும் இந்த நகரம் ஆயுர்வேதத்துக்குச் சாதாரண ஊர் அல்ல. டாபர் நிறுவனம் 1884-ல் டாக்டர் எஸ்.கே. பர்மன் என்பவரால் இங்கேதான் தொடங்கப்பட்டது. டாக்டரின் 'டா'வும் பர்மனின் 'பர்'ரும் சேர்ந்ததே அந்தப் பெயர். பைத்யநாத் 1917-ல் இங்கே பிறந்தது. மேல்நாட்டு வைத்தியமும் முறையாகப் படித்த கவிராஜர் ஜாமினி பூஷண் ராய், 1916-ல் அஷ்டாங்க ஆயுர்வேதக் கல்லூரியை நிறுவினார். சரக சம்ஹிதைக்குப் புகழ்பெற்ற உரை எழுதிய சக்ரபாணி தத்தரும் வங்காளியே, பதினோராம் நூற்றாண்டுக்காரர்.

இப்படிப்பட்ட ஊரில் 'ராஸ்னா' என்று கேட்டால் என்ன கிடைக்கும்? வாத நோய்க்கான கஷாயங்களில் முதலிடம் பெறும் சரக்கு அது. தெற்கே நாம் ராஸ்னா என்றால் அரத்தையை எடுப்போம். இஞ்சிக் குடும்பத்துக் கிழங்கு. வங்காளக் கவிராஜர்களுக்கோ ராஸ்னா என்பது மரத்தின் மேல் ஒட்டி வளரும் ஓர் ஆர்க்கிட் செடியின் வேர். வாண்டா ராக்ஸ்பர்கி என்று அதற்குப் பெயர். வடக்கே போனால் புளுச்சியா என்ற வேறொரு செடி. அரசாங்க ஆயுர்வேத மருந்து நூல் ஏற்றுக் கொண்டிருப்பது அதைத்தான். பெயர் ஒன்று, செடி மூன்று, குடும்பமும் மூன்று! ஊரிலிருந்து அப்பா எழுதி அனுப்பிய கஷாயக் குறிப்பை எடுத்துக் கொண்டு இங்குள்ள கடைக்குப் போகிறவர், அப்பா நினைத்த மருந்தைக் குடிக்கப் போவதில்லை.

பிரம்மியும் அப்படியே. நம்மில் பலர் வல்லாரையையே பிரம்மி என்போம். வங்காளிக்கு வல்லாரை 'தான்குனி'. வயிற்றுக் கோளாறுக்கு அரைத்துச் சாப்பிடுவார்கள். அவர்களுடைய பிரம்மிக் கீரை நம் நீர்ப்பிரமி. இரண்டும் நல்ல செடிகள்தாம். ஆனால் இரண்டு செடிகள்.

அசோக மரத்தின் கதை இன்னும் வேடிக்கை. பெண்களுக்கான அசோகாரிஷ்டத்துக்கு உண்மையான அசோகப் பட்டை வேண்டும். அந்த மரம் அருகி வருகிறது. அதனால் சாலையோரங்களில் நெட்டையாக நிற்கும் நெட்டிலிங்க மரத்தின் பட்டை 'அசோகப் பட்டை' என்ற பெயரில் சந்தைக்கு வருகிறது. அந்த நெட்டிலிங்கத்தை வங்காளிகள் 'தேப்தாரு' என்கிறார்கள். மருந்துக்கான உண்மையான தேவதாருவோ இமயமலையில் வளரும் வேறு மரம். ஆக, ஒரே மரம் இரண்டு மருந்துகளின் பெயரைச் சுமந்து கொண்டு நம் தெருவில் நிற்கிறது.

பெயர்க் குழப்பம் உயிர்க் குழப்பமாகவும் ஆகலாம். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு சீந்தில் கொடியைக் காய்ச்சிக் குடித்தார்களே, நினைவிருக்கிறதா? 2021-ல் அப்படிக் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். சீந்தில் பாதுகாப்பானது என்றும், அதே போலத் தோன்றும் இன்னொரு கொடியால் தீங்கு வரலாம் என்றும் ஆயுஷ் அமைச்சகம் பதில் சொன்னது. யார் சொன்னது சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்தப் பதிலே என் கட்சிக்குப் போதும். எந்தக் கொடி என்று தெரியாமல் குடிக்கலாமா?

முன்னோர் மறைக்கவில்லை

"கிடைக்காத சரக்குக்குப் பதில் வேறு சேர்ப்பது சாஸ்திரத்திலேயே உண்டே!" என்று சிலர் சொல்வார்கள். உண்டு. அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். ச்யவனப்பிராசத்தை எடுத்துக் கொள்ளுங்கள். சரகர் சொன்ன முறையில் ஐந்நூறு நெல்லிக்கனி, தசமூலம், இன்னும் பல சரக்குகள். அதில் சேரும் அஷ்டவர்க்கம் என்ற எட்டு மூலிகைகள் இமயமலையில் கிடைப்பவை, அரியவை. 'பாவப்பிரகாசம்' எழுதியவர் என்ன செய்தார்? மேதா, மகாமேதாவுக்குப் பதில் தண்ணீர்விட்டான் கிழங்கு. காகோலி, க்ஷீரகாகோலிக்குப் பதில் அமுக்கரா என்று வெளிப்படையாகப் பட்டியல் கொடுத்தார். அது பிரதிநிதி திரவியம். சொல்லிவிட்டு மாற்றினால் பிரதிநிதி, சொல்லாமல் மாற்றினால் கலப்படம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வரி நேர்மைதான்.

அளவும் அப்படித்தான். ச்யவனப்பிராசத்தில் நெல்லிக்காய் இருப்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? நீரிழிவு உள்ள நம் அன்பர்கள் காலையில் காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பின்னாலேயே இரண்டு ஸ்பூன் லேகியம் விழுங்குகிறார்கள். அரிஷ்டங்களில் காட்டாத்திப் பூவும் வெல்லமும் சேர்ந்து புளித்து, ஆல்கஹால் தானாகவே உண்டாகிறது. அது குற்றமல்ல, தயாரிப்பு முறையே அதுதான். ஆனால் கல்லீரல் நோயாளிக்கும் குழந்தைக்கும் அது தெரிந்திருக்க வேண்டாமா?

உலோகச் சமாசாரமும் ஒன்று உண்டு. 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ரச சாஸ்திரப்படி உலோகங்களைப் புடம் போட்டுச் சேர்க்கும் மருந்துகள் உண்டு என்பது உண்மை. அந்த மருந்தைத் தெரிந்து, வைத்தியர் மேற்பார்வையில் சாப்பிடுவது ஒன்று. 'வெறும் மூலிகை' என்று நம்பிச் சாப்பிடுவது வேறு. அந்தச் செய்திக்குப் பின், ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு உலோகச் சோதனையை 2006 ஜனவரி முதல் நம் அரசு கட்டாயமாக்கியது. நல்லதுதான். வெளிநாட்டார் வயிற்றுக்கு முதலில் காட்டிய அந்த அக்கறை, நம் வயிற்றுக்கும் அன்றே கிடைத்திருக்கக் கூடாதா?

சட்டம் இருக்கிறது, ஆனால்...

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. விற்பனைக்கு வரும் ஆயுர்வேத, சித்த மருந்துகளின் சீட்டில் சரக்குகளின் பட்டியல், லைசென்ஸ் எண், தயாரித்தவர் முகவரி, தேதி எல்லாம் இருக்க வேண்டும். நச்சுத் தன்மையுள்ள பொருள் என்று அட்டவணையில் குறித்த சரக்கு சேர்ந்திருந்தால், மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையும் வேண்டும். ஆனால் வைத்தியர் தம் சொந்த நோயாளிக்குத் தாமே தயாரித்துக் கொடுக்கும் மருந்துக்குத் தயாரிப்பு லைசென்ஸ் தேவையில்லை என்று சட்டம் விலக்கு அளிக்கிறது. நல்ல வைத்தியரைக் காப்பாற்ற வைத்த கதவு அது. அதே கதவு வழியாகத்தான் என் வீட்டுக்குள் தொண்ணூறு பொட்டலங்கள் நுழைந்தன.

இந்தக் கவலை புதிதும் அல்ல. 1925-ல் ஜாமினி பூஷண் ராயின் கல்லூரிக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்ட வந்த காந்திஜி, வாழ்த்திவிட்டுப் போகவில்லை. வைத்தியர்களின் மிகைப்படுத்திய விளம்பரங்களைக் கண்டித்துப் பேசினார். கவிராஜர்கள் வருத்தப்பட்டார்கள். விளக்கம் கேட்டு எழுதியவர்களில் கணநாத் சென் ஒருவர்.

அதே கணநாத் சென் பிறகு செய்ததைத்தான் நாம் மறக்கக் கூடாது. 1931-ல் அவரும் கார்த்திக் சந்திர போஸும் சேர்ந்து, மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் சர்ப்பகந்தா வேர் உதவுகிறது என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். எந்தச் செடி, எந்த நோய் என்று பெயர் சொல்லி எழுதினார்கள். அதனால் மற்றவர்கள் சோதிக்க முடிந்தது. 1949-ல் பம்பாயில் டாக்டர் வகீல் எழுதிய கட்டுரை உலகத்தின் கண்ணைத் திறந்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தில் ரிசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். உலகம் முழுவதும் ரத்தக் கொதிப்புக்கு அது மருந்தாயிற்று. அது மனச்சோர்வு தரக்கூடும் என்பதும் வெளியே வந்தது. நன்மையும் தெரிந்தது, தீமையும் தெரிந்தது. வெளிச்சம் பட்டதால் ஆயுர்வேதம் சிறுத்துப் போகவில்லை, பெருமைதான் பெற்றது.

நாம் செய்யக் கூடியது

ஊரைத் திருத்துவது இருக்கட்டும், நாம் மூன்று காரியம் செய்யலாம். ஒன்று, சீட்டில்லாத மருந்தை வாங்குவதில்லை. வைத்தியர் தாமே தயாரித்துக் கொடுத்தாலும், சரக்குகளை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல வைத்தியர் தயங்க மாட்டார். தயங்குகிறவரிடம் நமக்கு வேலை இல்லை. இரண்டு, எந்த டாக்டரிடம் போனாலும் சாப்பிடும் சூரணம், லேகியம் எல்லாவற்றையும் சொல்லி விடுங்கள். என்னைப் போல் வெட்கப்படாதீர்கள். மூன்றாவது காரியம் நம் சங்கத்துக்கு.

தமிழ்ப் பெயர், வங்காளப் பெயர், தாவரவியல் பெயர் மூன்றும் சேர்ந்த ஒரு பட்டியலை நாமே தயாரித்தால் என்ன? நம் நிலவேம்பு இங்கே 'கால்மேக்'. 2012-க்குப் பிறகு டெங்கு என்றாலே தமிழ்நாட்டில் பேசப்படும் நிலவேம்புக் குடிநீரின் தலைமைச் சரக்கு. வங்காளத் தாய்மார் அதே இலையை ஏலம், கிராம்போடு அரைத்து உருண்டையாக்கி 'ஆலுயி' என்று குழந்தைக்குக் கொடுப்பது பழைய வழக்கம். ஆனால் ராத்திரி ஊற வைத்துக் காலையில் குடிக்கிறார்களே, அந்தச் சிரத்தா வேறு செடி. அதன் பெயரில் கால்மேக் விற்பதும் உண்டு. ஆடாதோடை இங்கே 'பாசக்'. நீர்முள்ளி 'குலேகாரா', ரத்தம் ஊற வேண்டும் என்று அண்டை வீட்டு மாஷிமா சாறு பிழிந்து தருவது அதைத்தான். (டெங்குக் காய்ச்சலுக்குக் கசப்புக் கஷாயம் குடிப்பவர்கள் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போட வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லி விடுகிறேன்.)

இதற்கு வேண்டிய புத்தகமும் பூமியும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஷிப்பூர் தாவரவியல் தோட்டம் 1787-ல் தொடங்கியது. 1793-ல் அதன் பொறுப்பை ஏற்ற ராக்ஸ்பர்க், அதற்கு முன் மதராஸ் ராஜதானியில் வேலை பார்த்து, நம் கிழக்குக் கரைச் செடிகளைப் படித்துவிட்டு வந்தவர். வங்காளத்து ராஸ்னாவின் தாவரவியல் பெயரில் இருப்பதும் அவர் பெயரே. தெற்கிலிருந்து கல்கத்தா வந்து செடிகளுக்குப் பெயர் எழுதி வைத்த முதல் ஆள் அவர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நாம் இரண்டாவது ஆளாக இருப்போமே! குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டுச்சாதம் கட்டிக் கொண்டு, பிள்ளைகளையும் மூலிகை தெரிந்த பெரியவர்களையும் அழைத்துக் கொண்டு ஷிப்பூர் போய் வரலாம். வீட்டுக் குறிப்புகள் வைத்திருப்பவர்கள் அவற்றின் நகலைச் சங்கத்துக்குத் தாருங்கள். சரக்குகளின் பெயரைச் சரிபார்க்கும் வேலையில் நான் உடன் இருக்கிறேன்.

என் மனைவி இப்போது நலம். முழங்கால் வலி மழைக்காலத்தில் வரும், போகும். அலமாரியில் திரிபலா டப்பா இன்றும் இருக்கிறது. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய், மூன்றும் சம அளவு. நானே வாங்கி, நானே உலர்த்தி, நானே இடித்தது. டப்பாவின் மேல் சரக்கும் தேதியும் எழுதி ஒட்டியிருக்கிறேன். லேக் மார்க்கெட்டில் கேள்வி கேட்ட அன்பர் ஒருநாள் வீட்டுக்கு வந்தால் அதைக் காட்டுகிறேன்.