கொக்குப் பார்க்கிறதும் ஒரு உத்தியோகமா?



சென்ற மாதம் வாவிக்கரையில் கையால் இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டாள்: "அக்கா, என்ட மகள் படிச்சுப் பறவை ஆராய்ச்சி செய்யப்போறன் எண்டு சொல்லுறா. கொக்குப் பார்க்கிறதும் ஒரு உத்தியோகமா? அதால சோறு வருமா?"

யுத்தத்தில் கணவனை இழந்து, பிள்ளைகளைத் தனியே வளர்க்கிறவளின் கேள்வி அது. சிரித்துத் தட்டிவிட முடியாது. அதற்குப் பதிலாக ஒரு பெண்ணின் கதையை இம்முறை எழுதுகிறேன்.

இந்தியாவின் அசாம் மாநிலத்தைச் சேர்ந்தவர் பூர்ணிமா தேவி பர்மன். சிறு வயதில் பாட்டியுடன் வளர்ந்தார். வயலுக்கும் நீர்நிலைக்கும் கூட்டிச் சென்று பறவைகளைக் காட்டியவர் அந்தப் பாட்டிதான். பின்னர் விலங்கியல் படித்து, 'ஹர்கிலா' என்ற பெருநாரையைப் பற்றி ஆய்வு செய்யத் தொடங்கினார். ஏறக்குறைய 5 அடி உயரமான பறவை அது. அழுகிய இறைச்சியைத் தின்னும். கூட்டின் கீழே எச்சமும் நாற்றமும்தான். அதனால் ஊரவர்கள் அதை அபசகுனம் என்று வெறுத்தார்கள்.

ஒருநாள் தாதரா என்ற கிராமத்தில், ஒருவர் தன் வளவில் நின்ற மரத்தைத் தறித்தார். கூடுகளோடு ஒன்பது குஞ்சுகளும் நிலத்தில் விழுந்தன. ஏன் என்று கேட்ட பூர்ணிமாவை ஊரவர்கள் சூழ்ந்துகொண்டு கேலி செய்தார்கள். வீட்டில் அவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். அந்தக் குஞ்சுகளைப் பார்த்தபோது தன் பிள்ளைகளின் நினைவுதான் அவருக்கு வந்தது. கலாநிதிப் பட்ட ஆய்வை ஒத்திவைத்துவிட்டு, ஊருக்குள் இறங்கினார். அந்தப் பட்டத்தை அவர் பெற்றது 2019 இல்தான்.

அவர் முதலில் பறவையைப் பற்றிப் பேசவில்லை. சமையல் போட்டி வைத்துப் பெண்களைக் கூட்டினார். கர்ப்பிணிக்குச் செய்வதுபோல, கூடு கட்டும் நாரைக்கும் சடங்கு செய்தார்கள். தறியும் நூலும் கொடுக்கப்பட்டன. பெண்கள் சேலையிலும் சால்வையிலும் ஹர்கிலாவின் உருவத்தை நெய்து விற்றார்கள். பறவை இருந்தால் வீட்டுக்கு வருமானமும் உண்டு என்று கண்டபின், மரம் தறிக்க வந்த ஆண்களைத் தடுத்தவர்கள் அந்தப் பெண்களே. 'ஹர்கிலாப் படை' என்ற அவர்களின் அமைப்பில் இன்று 10,000 பெண்களுக்கு மேல் இருக்கிறார்கள். அந்தப் பகுதியில் 28 ஆக இருந்த கூடுகள் 2022 அளவில் 250 ஐத் தாண்டின. அந்த ஆண்டு ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பின் உயர் விருதும் பூர்ணிமாவுக்குக் கிடைத்தது. 2023 இல் ஹர்கிலா அழிவாபத்திலுள்ள இனங்களின் வரிசையிலிருந்து மீண்டது.

இனி எங்கள் வாவிக்கு வருவோம். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான வாவி இது. யுத்த காலத்தில் பாதுகாப்புக்கென்று கரையோரக் கண்டல்கள் வெட்டப்பட்டதை நாங்கள் கண்ணால் கண்டோம். இறால் பண்ணைகளுக்காகவும் வெட்டினார்கள். கண்டல் வேர்களுக்கிடையில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன. அதே மரத்தின் கொப்பில்தான் கொக்கும் நீர்க்காகமும் தங்குகின்றன. கொப்பு வெறுமையானால் வேரும் இல்லை. வேர் இல்லையென்றால் எங்கள் பறியில் இறாலும் இல்லை.

ஆகவே தங்கச்சி, கொக்குப் பார்க்கிறது உத்தியோகம்தான். எந்த மரத்தில் எத்தனை கூடு, எந்த மாதம் குஞ்சு பொரிக்கிறது, ஏன் குறைகிறது என்று ஆண்டுக்கணக்காக எழுதிவைக்கிற வேலை அது. அந்தக் கணக்கு இருந்தால்தான் மரத்தை வெட்ட வருபவர்களிடம் நாங்கள் நியாயம் பேசலாம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே விலங்கியல் படிக்கலாம். உடனே கைநிறையச் சம்பளம் வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மகளை மறிக்காதே.

மற்றச் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கரையில் கண்டலை வெட்ட யாராவது வந்தால், அடுத்த நாளே மாதர் சங்கக் கூட்டத்தில் அதைப் பேசுங்கள். தாதராவில் அந்தப் பெண்களும் சேர்ந்து பேசித்தான் தொடங்கினார்கள்.