நத்தைக்கு உப்பு

மழைக்காலத்து இரவுகளில் வாழைக் குருத்தையும் பப்பாளித் தண்டையும் அவரைக் கொடியின் இளந்தளிரையும் அரித்துத் தின்றுவிட்டு, விடியுமுன் ஈரமான மூலைகளில் மறைந்துகொள்ளும் ஆப்பிரிக்க ராட்சத நத்தைக்கு, அடுக்களை உப்பைப் போல் கைகண்ட மருந்து வேறில்லை என்னும் நம்பிக்கை, கேரளத்திலும் அதனை அடுத்த தமிழ்நாட்டு ஊர்களிலும் கற்றவர் கல்லாதவர் என்ற பேதமின்றி வேரூன்றிக் கிடக்கிறது. இந்த நம்பிக்கை பிழையானது என்று மட்டும் சொல்லி நான் அமையப்போவதில்லை. அது தோட்டத்துக்குத் துரோகம் செய்வது என்றே சொல்வேன்.

உப்புப் பட்ட நத்தை நுரை கக்கித் துடிப்பதைக் கண்ணால் கண்டவருக்கு அதற்குமேல் பிரமாணம் எதுவும் வேண்டியிருப்பதில்லை. உடலின் நீரை உப்பு வெளியே இழுத்துவிடுவதால் சிறு நத்தைகள் மாண்டுபோவது மெய்தான். ஆனால் ஒரு சாண் நீளம் வரை ஓடு வளரக்கூடிய முதிர்ந்த நத்தையோ, உடலை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, அடுத்த மழை உப்பைக் கழுவும்வரை பொறுத்திருந்து பல சமயம் பிழைத்துக்கொள்கிறது. பிழையாதவை மெல்ல மெல்ல உலர்ந்து சாகின்றன. அழிக்கப்பட வேண்டிய பிராணியேயாயினும், அதற்கு இத்தகைய சாவை விதிக்க நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

கண்ணில் பட்டவற்றைக் கொன்றுவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், காரியம் முடிந்ததாகாது. ஆண்மையும் பெண்மையும் ஒரே உடலில் அமைந்த இந்த ஜீவன், ஒருமுறை கூடிப் பெற்ற விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, மிளகைவிடச் சற்றே பெரிய வெளிர்மஞ்சள் முட்டைகளை நூற்றுக்கணக்கில், ஆண்டுக்குப் பலமுறை, மண்ணின் மேலடுக்கிலும் சருகுகளின் அடியிலும் இட்டு வைக்கிறது. மேலே தூவிய உப்பு அம்முட்டைகளை எட்டுவதில்லை. எட்டி அழிக்கும் அளவுக்கு உப்பைக் கொட்டினால், அழிவது முதலில் செடிகளாகவே இருக்கும்.

அப்படியானால் உப்பிட்ட தோட்டங்களில் நத்தை குறைந்ததாகப் பலரும் அனுபவத்தில் கண்டு சொல்கிறார்களே என்று கேட்கலாம். குறைந்தது உண்மை, குறைத்தது உப்பு அன்று. மழை ஓய்ந்து மண் உலரத் தொடங்கியதும், இந்நத்தை சுவரிடுக்கிலும் கல்லடியிலும் மண்ணுக்குள்ளும் புகுந்து, ஓட்டின் வாயை மெல்லிய சவ்வினால் மூடிக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கிவிடுகிறது. பருவமழையின் கடைசி நாட்களில் உப்பைத் தூவியவர், அடுத்த வாரம் வெறுமையான தோட்டத்தைப் பார்த்து உப்பை வாழ்த்துகிறார். மறு ஆண்டு முதல் மழையில் அவை எழுந்து வரும்போது, போன தடவை போட்டது போதவில்லை என்று இன்னும் அதிகமாக வாங்கி வருகிறார். இவ்வாறு தோல்வியே நம்பிக்கையை வளர்க்கும் விபரீதம் ஆண்டுதோறும் நடக்கிறது.

உப்புத் தூவுவதற்கு ஆதரவாக எடுத்துக்காட்டப்படும் வாதங்களுள் வலுவானது, தென்னங்குழியில் உப்பிடும் நம் முன்னோர் வழக்கம். அந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. தென்னை கடற்கரை மரம். உப்பைத் தாங்குவது மட்டுமன்றி, அதிலுள்ள குளோரைடைத் தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்வதும் அதன் இயல்பு. ஆனால் தென்னையின் நிழலிலேயே நிற்கும் வாழைக்கு அந்த இயல்பு இல்லை. உப்பு மிகுந்தால் அதன் இலையோரங்கள் கருகிவிடும். அவரை இனங்களோ அதைச் சிறிதும் பொறாதவை. களிமண் கலந்த தோட்டமாயின் கேடு இன்னும் ஆழமானது: உப்பிலுள்ள சோடியம் மண்ணின் நுண்துகள்களைப் பிரித்து, காற்றும் நீரும் போகும் துளைகளை அடைத்து, மழையில் சேறாகவும் வெயிலில் பாளமாகவும் இறுகும்படி செய்துவிடுகிறது. சமையலறையிலிருந்து வந்த பொருள் என்பதாலேயே ஒன்று மண்ணுக்கு நிரபராதி ஆகிவிடாது. பூச்சிமருந்தென்றால் அஞ்சி விலகும் நல்லவர்கள், அந்த அச்சத்தினாலேயே இந்தக் கேட்டை மனமறியாமல் செய்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

இந்நத்தை தானாக நம்மிடம் வரவில்லை. 1847-இல் மொரீஷியசிலிருந்து அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்டவர் வில்லியம் பென்சன் என்னும் நத்தை ஆராய்ச்சியாளர். அமெரிக்காவின் மயாமி நகரத்துக்கு 1966-இல் ஹவாயிலிருந்து ஒரு சிறுவன் கொண்டுபோன மூன்று நத்தைகள், ஏழே ஆண்டுகளில் பதினெண்ணாயிரத்துக்கு மேல் பெருகின. பத்து லட்சம் டாலரையும் பல ஆண்டுகளையும் செலவிட்ட பின்னரே அவற்றை ஒழிக்க முடிந்தது. வீடு வீடாகத் தேடிக் கையால் பொறுக்கியும், நச்சு இரை வைத்தும் பெற்ற வெற்றி அது.

நம் வீட்டுத் தோட்டத்துக்கும் உபாயம் அதுதான். மாலையில் ஒரு சாக்கை நனைத்து, அதனுள் பப்பாளி இலையையோ முட்டைக்கோசு இலையையோ பரப்பி, சுவரோரம் போட்டுவைத்தால், இரவில் மேய வந்தவை விடியலில் அதனுள் பதுங்கியிருக்கும். அவற்றை வெறுங்கையால் தொடலாகாது. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகள் இவற்றின் உடலில் தங்கியிருந்து, மனிதருக்குள் புகுந்தால் மூளையுறை அழற்சியை உண்டாக்கக்கூடும். கையுறையணிந்து பொறுக்கியவற்றைக் கொதிநீரில் இட்டால் க்ஷணத்தில் உயிர் போய்விடும். மூடிய வாளியில் உப்புக்கரைசல் வைத்து அதில் இடுவோரும் உண்டு. மண்ணில் தூவுவதைவிட அது மேல், கரைசலைச் செடியடியில் கொட்டாதவரையில். செத்தவற்றை ஆழப் புதைக்க வேண்டும். வெற்றோட்டில் மழைநீர் தேங்கினால் கொசு விருத்தியாகும். சருகுகளைப் புரட்டி முட்டைகளைத் தேடுவது, நத்தையைத் தேடுவதைவிட முக்கியம்.

இதையெல்லாம் ஒரு வீட்டார் மட்டும் செய்தால் பயன் சொற்பமே. மதில் நத்தைக்குத் தடையன்று. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பை மதிற்பூச்சிலிருந்தே அது சுரண்டித் தின்னும். ஆகவே மழை தொடங்கிய முதல் வாரத்திலேயே, ஒரு தெருவில் உள்ளவர்கள் அனைவரும் ஒரே நாட்களில் சாக்குகளைப் போட்டுப் பொறுக்க வேண்டும்; வெளியிலிருந்து நாற்றோ, தொட்டியோ, எருவோ, மரக்கட்டையோ வரும்போது, அடிப்புறம் வரை திருப்பிப் பார்த்த பிறகே வாசலைத் தாண்ட விட வேண்டும்.