பிள்ளையில் மணக்கிறதா?

வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோவில் வாசலில் சென்ற மாதம் ஒரு தாயைச் சந்தித்தோம். அவருடைய ஏழு வயது மகனின் கைகள் தோல் வெடித்துச் சிவந்திருந்தன. "பிள்ளையில மணக்குதெண்டு பள்ளிக்கூடத்தில சொல்லுகினமாம், அக்கா. நாளுக்கு மூண்டு தரம் சவுக்காரம் போட்டுக் குளிக்க வாக்கிறன்" என்றார்.

வாசகர்களே, மனித உடலுக்கென்று ஒரு சொந்த மணம் உண்டு. அது ஊத்தை அல்ல. புதிய வியர்வையில் மணமே இல்லை என்று சொல்லலாம். தோலில் வாழும் பற்றீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் மணம் உண்டாகிறது. அந்த மணம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில், நோய் எதிர்ப்புச் சக்தியை நடத்தும் பரம்பரை அலகுகளுக்கும் பங்குண்டு என்கிறார்கள். எச்.எல்.ஏ. எனப்படும் இவை ஆறாம் இலக்க நிறமூர்த்தத்தில் இருக்கின்றன. பாதி தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வருகின்றன.

எம்மவர் பலர் வாழும் சுவிஸின் பேர்ண் நகரப் பல்கலைக்கழகத்தில் குளோஸ் வெடெகின்ட் என்பவர் இதைச் சோதித்து 1995இல் வெளியிட்டார். 44 ஆண்கள் இரண்டு இரவுகள் அணிந்த பெனியன்களை, யாருடையவை என்று சொல்லாமல், 49 பெண்களிடம் மணந்து பார்க்கக் கொடுத்தார். கருத்தடை மாத்திரை எடுக்காத பெண்கள், தம்முடையவற்றிலிருந்து வேறுபட்ட அலகுகள் உள்ளவர்களின் மணத்தையே கூடுதலாக விரும்பினார்கள். பின்னர் நடந்த சோதனைகள் சில இதை ஆதரித்தன, சில ஆதரிக்கவில்லை. ஆகவே சாதகத்தோடு சேட்டையும் வாங்கிப் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை!

சரி, அந்தச் சிறுவன்? அக்குளில் கடும் மணம் தரும் வியர்வைச் சுரப்பிகள் பருவ வயதில்தான் வேலை செய்யத் தொடங்கும். ஏழு வயதில் வழமையாக அந்தப் பேச்சுக்கு இடமில்லை. எங்கள் சந்தேகம் அவன் கோட்டின் மேல் விழுந்தது. மாரியில் யன்னல் எல்லாம் பூட்டி, வெங்காயம் தாளிக்கும் குசினிக்கு எதிரே அது தொங்குகிறதாம். படுக்கை அறை அலுமாரிக்குள் கோட்டை வைத்து, குசினிக் கதவைச் சாத்தி, யன்னலைத் திறந்து சமைக்கச் சொன்னோம். குளிப்பு ஒரு நாளுக்கு ஒரு தரம் போதும். கேலி தொடர்ந்தால் வகுப்பு ஆசிரியரிடம் நேரே சொல்லுங்கள். ஆங்கிலம் போதாதென்றால் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

பிறந்த சில நாட்களிலேயே தாய்மார் பலர் தம் குழந்தையின் சட்டையை மணத்தாலேயே பிரித்தறிவார்கள் என்றும் அவருக்குச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. தான் விட்டு வந்த சேலை ஒன்றை யாழ்ப்பாணத்தில் அம்மா இன்னும் தோய்க்காமல் வைத்திருக்கிறா என்றார்.