ஜிலேபி என்ற ஒற்றைப் பெயர்

கோலார் தங்கவயலின் தாகம் தீர்த்த பேத்தமங்களா ஏரி பாலாற்றின் நீரைத் தேக்கியது. இத்தகைய ஏரிகளின் மீன்களைப் பட்டியலிடும் மாணவர், ‘ஜிலேபிக் கெண்டை’ என்று கேட்டவுடன் ‘ஓரியோகுரோமிஸ் மொசாம்பிகஸ்’ என்று எழுதிவிடுகிறார். வலையில் வந்த மீனின் வாலை விரித்துப் பார்ப்பவர் குறைவு. இவ்வழக்கம் கைவிடப்பட வேண்டும்.

திலேப்பியா என்ற சொல்லே தமிழர் நாவில் ஜிலேபியானது. அதனோடு ஒட்டிய ‘கெண்டை’ முற்றிலும் பொருந்தாதது. இம்மீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, ஆப்பிரிக்கச் சிக்லிட் இனம். பெயர் இனிப்பாக இருப்பதாலோ என்னவோ, எவரும் அதை ஐயுறுவதில்லை.

மொசாம்பிக் திலேப்பியா 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆண்மீன் அடித்தரையில் குழி பறிக்க, பெண்மீன் முட்டைகளை வாயில் ஏந்தி அடைகாக்கும். சிறு உருவிலேயே இனம்பெருக்குவதால் குளங்கள் வளர்ச்சி குன்றிய மீன்களால் நிறைந்தன. 1959இல் அதனைப் பரப்பத் தடை வந்தது. பின்னர் நைல் திலேப்பியா வந்தது. இன்று உரிமம் பெற்ற பண்ணைகளில் வளர்வது பெரும்பாலும் அதன் மேம்படுத்தப்பட்ட வகையே.

நைல் திலேப்பியாவின் வாற்துடுப்பு முழுவதும் ஒழுங்கான செங்குத்துக் கோடுகள் உண்டு. மொசாம்பிக்கில் அவ்வொழுங்கு இல்லை. இனப்பெருக்கக் காலத்து மொசாம்பிக் ஆண் கருத்து, கீழ்த்தாடை வெளுத்து, துடுப்பு விளிம்பு சிவந்து தோன்றும். முதல் செவுள் வளைவின் கீழ்ப்பகுதியில் சீப்புப்பல் போன்ற முட்கள் மொசாம்பிக்கில் 14 முதல் 20 வரை இருக்கும். நைலில் பொதுவாக அதனினும் மிகுதி. எண்ணிக்கைகள் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிவதால் இதை மட்டும் நம்ப இயலாது. இரண்டும் கலந்து பிறந்தவற்றிலோ எல்லா அடையாளங்களும் குழம்பும்.

இது வெறும் பெயர்ப் பூசல் அன்று. நாம் தொல்லையாகக் கருதும் மொசாம்பிக் திலேப்பியா, லிம்போபோ போன்ற தன் தாயக ஆறுகளில் நைல் திலேப்பியாவோடு கலந்து தூய்மை இழந்து வருகிறது; பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவாய்ப்பு இனமாகப் பட்டியலிட்டுள்ளது. நம் ஏரிகளில் எஞ்சியிருப்பது தூய இனமா, கலப்பா, முற்றிலும் நைலா என்பதைப் பழக்கத்தால் எழுதிய பட்டியல் ஒருபோதும் சொல்லாது. ஏரி கோடி போகும்போது மீன் பாலாற்றோடு இறங்கிவிடும். பிழையான பதிவோ ஆய்வேட்டிலிருந்து ஆய்வேட்டுக்கு இறங்கும்.

வாலை விரித்த ஒரு புகைப்படம், செவுள் முட்களின் எண்ணிக்கை, சாராயத்தில் இட்ட ஒரு துடுப்புத் துண்டு ஆகிய மூன்றும் இல்லாத பதிவில் ‘ஓரியோகுரோமிஸ், இனம் உறுதியில்லை’ என்று எழுதுவதே நேர்மை. அதற்கு மதிப்பெண் குறைக்கும் நெறியாளர்தாம் முதலில் மாற வேண்டும்.